நோ நாடகமும் ஆங்கில அரங்கும்: ஒரு வரலாற்று நோக்கு

பத்து ஆண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிப் படித்ததைப் பகிர்ந்தும், பகிர்ந்ததை ஆராய்ந்தும் வரும் நம் இலக்கிய வட்டத்தின் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, நான் வகுப்பறையில் செய்த பிழையொன்றே என் நினைவுக்கு முதலில் வந்தது. முதுகலை மாணவர்க்கு ஒப்பிலக்கியத் தாளில் ஜப்பானிய 'நோ' நாடகத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். என் கையில் இருந்தது ஆர்தர் வேலியின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அழகிய மொழிபெயர்ப்பு, ஆகவே நாடகத்தைக் கவிதையாகப் படித்தேன், கவிதையாகவே கற்பித்தேன். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, இதை எப்படிப் பாடுவார்கள்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. சில காலம் கழித்து நண்பர் ஒருவர் கொடுத்த ஒலிநாடாவில் நோ பாடலை முதன்முறையாகக் கேட்டேன். அடிவயிற்றிலிருந்து எழும் குரல். ஓர் உயிரொலியே பல தாள அளவுக்கு நீளுகிறது. இடையிடையே முரசு கொட்டுவோரின் கூவல். நான் இத்தனை ஆண்டுகள் கற்பித்தது நாடகத்தின் பாதியே என்பதை அன்று உணர்ந்தேன்.

அம்மாணவியின் வினாவைத் தொடர்ந்து சென்றபோது மற்றொரு வினா எழுந்தது. இந்நாடகத்தை ஆங்கிலத்தில் பாடி ஆட முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தை அடைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்த நூற்றாண்டின் கதையே இக்கட்டுரை.

நோ: ஒரு சுருக்கமான அறிமுகம்

பதினான்காம் நூற்றாண்டில் கனாமி (1333-1384) என்பவரும் அவர் மகன் செயாமியும் நோ நாடகத்துக்கு இன்றைய உருவத்தைத் தந்தனர். 1374ஆம் ஆண்டையொட்டிக் கியோட்டோவின் இமகுமனோ என்னும் இடத்தில் இவ்விருவரும் ஆடியதைக் கண்ட இளம் ஆட்சித்தலைவர் அஷிகாகா யோஷிமிட்சு, சிறுவனாயிருந்த செயாமியின் திறத்தில் மயங்கித் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். ஊர்தோறும் கோயில்தோறும் ஆடப்பட்ட எளிய கூத்து, அரசவைக் கலையாயிற்று. செயாமி நாடகங்கள் பலவற்றை இயற்றியதோடு அமையாமல், நடிப்பின் நுட்பங்களை விளக்கும் இலக்கண நூல்களையும் எழுதினார். முதுமையில், 1434இல், சாடோ தீவுக்கு நாடு கடத்தப்பட்டார் என்பது வரலாறு. அவருடைய இலக்கண நூல்கள் குடும்ப மறையாகவே காக்கப்பட்டமையால் 1909இல்தான் அவற்றின் தொகுப்பு அச்சேறிப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

நோ அரங்கு ஏறத்தாழ 6 மீட்டர் சதுரம். நான்கு தூண்கள், பின்சுவரில் ஒரு பைன் மரத்தின் ஓவியம், இடப்புறம் நடிகர் வந்து செல்ல ஒரு நீண்ட பாலம். வேறு காட்சித்திரை இல்லை. தலைமை நடிகர் 'ஷிதே'. அவர் பெரும்பாலும் முகமூடி அணிவார். அவரை எதிர்கொண்டு வினவுபவர் 'வாகி'. அவருக்கு முகமூடி இல்லை. எண்மர் அமர்ந்து பாடும் பாடற்குழுவும், குழல் ஒன்றும், இருவகைக் கைம்முரசும், சில நாடகங்களில் கோல்முரசும் உடன் இருக்கும்.

கதையமைப்பில் சிறந்தது ஆவி தோன்றும் வகை. துறவி ஒருவர் வழிநடையில் ஓரிடத்துக்கு வருகிறார். உள்ளூர் மனிதர் ஒருவரைக் காண்கிறார். அவர் பேச்சில் ஏதோ பழந்துயர் தென்படுகிறது. பின்பாதியில் அவரே தம் உண்மை வடிவில் தோன்றுகிறார். அவர் என்றோ இறந்துபட்டவர். விட முடியாத பற்றினால் அவ்விடத்திலேயே அலைபவர். தம் கதையை ஆடிக்காட்டி, துறவியின் வேண்டுதலால் விடுதலை நாடுகிறார். செயாமியின் 'அட்சுமோரி' இதற்குச் சான்று. 1184இல் நிகழ்ந்த இச்சினொதானிப் போரில் இளம் வீரன் அட்சுமோரியைக் கொன்ற குமகாய், மனம் நொந்து துறவியாகி அதே கடற்கரைக்கு வருகிறான். கொல்லப்பட்டவனின் ஆவி எதிரில் தோன்றுகிறது. பழிவாங்க ஓங்கிய வாள் தாழ்கிறது. பகைவன் தனக்காக வேண்டுகின்ற நண்பன் என்பதை ஆவி உணர்கிறது. நடந்து முடிந்த ஒன்றை, அது நடந்த இடத்திலேயே நின்று, நினைவால் மீண்டும் நடத்திப் பார்த்து ஆறுதல் தேடுவதே இந்நாடகத்தின் உயிர். பின்னாளில் அயல்நாட்டார் இவ்வடிவத்தை நாடியதற்கும் இதுவே காரணமாயிற்று.

அயலார் பார்வையும் கலையின் மீட்சியும்

1868இல் ஷோகன் ஆட்சி வீழ்ந்து மெய்ஜி ஆட்சி தொடங்கியபோது நோ கலைஞர்கள் புரவலரை இழந்தனர். பலர் வேறு தொழில் நாடினர். முகமூடிகளும் பட்டாடைகளும் விலைபோயின. உமெவகா மினோரு (1828-1909) போன்ற சிலர் வறுமையிலும் ஆடலைக் கைவிடாது நின்றனர்.

இந்நிலை மாறியதில் அயல்நாட்டாருக்கும் ஒரு பங்கு உண்டு. 1871 முதல் 1873 வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயணம் செய்த அரசுத் தூதுக்குழுவின் தலைவர் இவகுரா தொமொமி, அந்நாடுகளில் அரசு விருந்தினரை இசைநாடகத்துக்கு அழைத்துச் சென்று மதிப்புச் செய்வதைக் கண்டார். தம் நாட்டில் அத்தகு தகுதியுடைய கலை எது என்று எண்ணியபோது நோ நாடகமே அவருக்குப் புலப்பட்டது. 1879இல் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத்தலைவர் கிராண்ட், இவகுராவின் இல்லத்தில் நோ நாடகம் கண்டு, இக்கலையைக் காத்தல் வேண்டும் என்று கூறியதாகச் செய்தி உண்டு. 1881இல் தோக்கியோவின் ஷிபாவில் நோ அரங்கம் ஒன்று எழுந்தது. ஆக, உலகப் பார்வையாளர் என்பவர் நோவின் வரலாற்றில் இடையில் நுழைந்த அந்நியர் அல்லர். புத்துயிர் பெற்ற நாள் முதல் அவர்கள் முன்வரிசையில் இருந்திருக்கிறார்கள்.

ஒலி இழந்த ஏடுகள்

1878இல் தோக்கியோவுக்குப் பேராசிரியராக வந்த அமெரிக்கர் எர்னஸ்ட் ஃபெனலோசா (1853-1908), நோவைக் கண்டு வியந்ததோடு நிற்கவில்லை. உமெவகா மினோருவிடம் மாணவராக அமர்ந்து பாடவும் கற்றார். ஹிராதா கீச்சியின் துணையோடு நாடகங்களின் பொருளைக் குறிப்பேடுகளில் எழுதினார். 1908இல் லண்டனில் அவர் காலமானார். அவர் மனைவி மேரி, 1913இல் அக்குறிப்பேடுகளைக் கவிஞர் எஸ்ரா பவுண்டிடம் ஒப்படைத்தார்.

ஈண்டு ஒரு முரண் நோக்கத்தக்கது. பாடத் தெரிந்தவர் மறைந்தார். ஏடுகள் மட்டும் கடல் கடந்தன. ஏடு சொல்லைச் சுமக்கும், குரலைச் சுமக்காது. ஜப்பானிய மொழி அறியாத பவுண்ட், அக்குறிப்புகளைக் கொண்டு கவித்துவம் மிக்க ஆங்கில வடிவங்களை ஆக்கினார். 1916இல் அவை நூலாயின. அதற்கு முன்னரே, 1913இல், மேரி ஸ்டோப்ஸ் என்னும் அம்மையார் (பின்னாளில் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தால் புகழ்பெற்றவர்) சகுராய் ஜோஜியின் உதவியுடன் நோ மொழிபெயர்ப்பு நூல் ஒன்றை வெளியிட்டிருந்தார். 1921இல் ஆர்தர் வேலியின் நூல் வந்தது. வேலி ஜப்பான் மண்ணை மிதித்தவரே அல்லர்; லண்டனில் இருந்தபடியே பழைய ஜப்பானிய மொழியைக் கற்றவர். இவர்களால் ஆங்கில வாசகருக்கு நோ ஓர் இலக்கியமாகக் கிடைத்தது. அரங்கக் கலையாக அது கிடைக்கவில்லை. என் வகுப்பறைப் பிழைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

வரவேற்பறையில் ஒரு பருந்து

அக்காலத்தில் பவுண்ட், அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸுக்குச் செயலாளராக இருந்தார். ஃபெனலோசாவின் ஏடுகள் யேட்ஸின் கைக்கும் வந்தன. பெருங்கூட்டத்துக்காக நடத்தப்படும் நாடகத்தில் சலிப்புற்றிருந்த அவருக்கு, முகமூடியும் பாடலும் ஆடலுமாய்ச் சிறிய அவையில் நிகழ்த்தத்தக்க இவ்வடிவம் பெருவரமாகத் தோன்றியது. அயர்லாந்துத் தொன்மக்கதை ஒன்றை எடுத்து 'அட் த ஹாக்ஸ் வெல்' என்னும் நாடகத்தை எழுதினார். வற்றிய கிணறு, இறவா வாழ்வு தரும் நீர் ஊறுமெனக் காத்திருக்கும் கிழவன், அதே நீரைத் தேடி வரும் இளவீரன் கூஹலின், கிணற்றைக் காக்கும் பருந்துப்பெண்.

1916 ஏப்ரல் 2ஆம் நாள் லண்டனில் கியூனார்டு சீமாட்டியின் வரவேற்பறையில் அது அரங்கேறியது. முகமூடிகளையும் இசையையும் அமைத்தவர் ஓவியர் எட்மண்ட் டுலாக். பருந்தாக ஆடியவர் இட்டோ மிச்சியோ என்னும் ஜப்பானிய இளைஞர். அவர் ஜெர்மனியில் ஐரோப்பிய ஆடல்முறை பயின்றவரேயன்றி முறையாக நோ பயின்றவர் அல்லர். ஆக, நோ அரங்கை அறியாத கவிஞர் எழுத, நோ இசை அறியாதவர் இசையமைக்க, நோ ஆடல் பயிலாதவர் ஆடிய நாடகம் அது. ஆங்கில நாடக வரலாற்றில் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. ஆனால் நோவின் நிழலே அங்கு ஆடியது எனலாம்.

நிழலுக்கும் ஒரு பயன் உண்டாயிற்று. யேட்ஸின் நாடகத்தை யோகொமிச்சி மாரியோ ஜப்பானிய நோவாக மாற்றினார். 1949இல் 'தக்கா நோ இசுமி' என்ற பெயரிலும், பின் புத்துருவம் பெற்று 1967இல் 'தகாஹிமே' என்ற பெயரிலும் அது மேடையேறியது. தகாஹிமே ஜப்பானிய நோ கலைஞர்களால் மீண்டும் மீண்டும் ஆடப்பட்டுவரும் புதுநாடகமாக நிலைபெற்றது. பிறர் வீட்டுக்குச் சென்ற பெண் பேரனோடு தாய்வீடு திரும்பியது போன்றது இது.

சுமிதா ஆற்றிலிருந்து ஒரு தேவாலயத்துக்கு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நோ கலைஞர்களே வெளிநாடு செல்லத் தொடங்கினர். 1954இல் வெனிஸ் நாடக விழாவில் கிதா மரபினர் முதன்மை பெற்ற குழு ஆடியது. ஐரோப்பியர் உடலசைவையும் குரலையும் நேரில் கண்டனர். ஆனால் சொல் புரியவில்லை. முன்பு சொல் கிடைத்து ஒலி கிடைக்கவில்லை. இப்போது ஒலி கிடைத்துச் சொல் கிடைக்கவில்லை.

1956 பிப்ரவரியில் தோக்கியோவுக்கு வந்த ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 'சுமிதாகவா' என்னும் நாடகத்தைக் கண்டார். செயாமியின் மகன் மொட்டொமாசா இயற்றியது அது. அடிமை வாணிகரால் கவரப்பட்ட மகனைத் தேடிச் சித்தம் கலங்கிய தாய், கியோட்டோவிலிருந்து நெடுந்தொலைவு நடந்து சுமிதா ஆற்றங்கரைக்கு வருகிறாள். ஓராண்டுக்கு முன் அதே நாளில் அக்கரையில் இறந்துபோன சிறுவன் ஒருவனின் கதையை ஓடக்காரன் சொல்கிறான். அவன் தன் மகனே என்று அவள் அறிகிறாள். புதைமேட்டின் முன் வேண்டும்போது மகன் குரல் கேட்கிறது, உருவமும் தோன்றுகிறது, கையை நீட்டினால் மறைகிறது. விடியும்போது எஞ்சுவது புல் மண்டிய மேடு மட்டுமே. சிறுவன் மேடையில் தோன்றாமலிருப்பதே நன்று எனத் தந்தை செயாமி கருதினார். அவ்வாறு செய்யத் தம்மால் இயலாது என்றார் மகன். இவ்வுரையாடல் செயாமியின் பேச்சுகளைத் தொகுத்த நூலில் பதிவாகியிருக்கிறது.

அக்காட்சி பிரிட்டன் மனத்தில் எட்டாண்டுகள் ஊறியது. வில்லியம் புளோமர் உரை எழுத, 'கர்லூ ரிவர்' என்னும் தேவாலய நாடகமாக 1964 ஜூனில் இங்கிலாந்தின் ஆர்ஃபர்டு தேவாலயத்தில் அது அரங்கேறியது. பித்துற்ற தாயாகப் பாடியவர் பீட்டர் பியர்ஸ் என்னும் ஆண் பாடகர். நோ பாடலின் இடத்தில் கிறித்துவத் துறவியரின் பழம்பாடல் வந்தது. சுமிதா ஆறு கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புநில ஆறாயிற்று. முடிவும் மாறியது. சிறுவனின் ஆவி தாய்க்கு ஆறுதல் கூற, அவள் சித்தம் தெளிகிறாள். மூலத்தில் அத்தகைய தெளிவு இல்லை. விடியலும் புல்லுமே உள்ளன. பிரிட்டன் தம் சமய மரபுக்கு ஏற்ற நிறைவைத் தேடிக்கொண்டார். அது அவர் உரிமை, படைப்பும் உயர்ந்தது. ஆனால் அதை நோ என்று எவரும் சொல்லார். பிரிட்டனும் அதனைத் தேவாலயத்துக்குரிய ஓர் உவமைக்கதை என்றே குறித்தார்.

ஆங்கிலம் முரசோடு இசைந்த வரலாறு

இதுவரை கண்டோர் யாவரும் நோவிலிருந்து எதையோ எடுத்துச் சென்றவர்கள். நோவுக்குள் சென்று அமர்ந்தவர்கள் பின்னரே வந்தனர். அவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் ரிச்சர்ட் எம்மர்ட். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1949இல் பிறந்த இவர், 1970இல் இண்டியானாவின் எர்ல்ஹாம் கல்லூரியில் மாணவராயிருந்தபோது, புனித பிரான்சிஸைப் பற்றிய ஆங்கில நோ வடிவ நாடகம் ஒன்றில் பங்கேற்றார். 1973 முதல் தோக்கியோவில் தங்கிக் கிதா மரபில் பாடலும் ஆடலும் கருவியிசையும் முறையாகப் பயின்றார். யேட்ஸின் பருந்து நாடகத்துக்கு 1980களில் உண்மையான நோ இசையை அமைத்தார். 1916இல் இல்லாத குரல் அந்நாடகத்துக்கு அப்போது கிடைத்தது.

அவர் எதிர்கொண்ட சிக்கல் யாது? இதை விளக்கத் தமிழ் யாப்பிலக்கணம் கற்றவர்க்கு அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. ஜப்பானிய மொழி மாத்திரை எண்ணும் மொழி. குறில் ஒன்று, நெடில் இரண்டு என நாம் எண்ணுவது போன்றே அவர்களும் எண்ணுவர். ஒவ்வொரு மாத்திரையும் ஏறத்தாழச் சம அளவில் ஒலிக்கும். நோ பாடலின் அடி பெரும்பாலும் ஏழும் ஐந்துமாகப் பன்னிரண்டு மாத்திரை கொண்டது. இப்பன்னிரண்டையும் எட்டுத் தாள அடிகளில் பரப்பி, சில இடங்களை நீட்டி, சில இடங்களில் மௌனம் விட்டுப் பாடுவதே அடிப்படைத் தாளமுறை. வேறு இரு முறைகளும், தாளக்கட்டுக்கு அடங்காமல் பாடும் முறையும் உண்டு.

ஆங்கிலமோ அழுத்தத்தால் இயங்கும் மொழி. 'வாட்டர்' என்ற சொல்லில் முதலசை வலியது. 'அகெய்ன்' என்பதில் இரண்டாம் அசை வலியது. தாளத்தின் வலிய இடத்தில் மெலிந்த அசை விழுந்தால் கேட்பவர்க்குச் சொல்லே விளங்காது. மேலும், ஜப்பானியச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதால் அவற்றை நீட்டிப் பாடுதல் எளிது. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெங்த்' போன்ற சொற்களில் மெய்கள் திரண்டு நின்று ஓர் உயிரை நெருக்குகின்றன. 'நைட்' என்பதை நீட்ட வேண்டுமாயின் எந்த ஒலியில் நிற்பது? அகரத்தில் நின்று கடைசி நொடியில் இகரத்துக்குத் தாவ வேண்டும். முன்னதாகத் தாவினால் குரல் இளித்துவிடும். இவ்வாறு ஒவ்வொரு சொல்லையும் முரசின் முன் வைத்துச் சோதித்தே ஆங்கில நோ பாடல் உருவாயிற்று. குழலும் முரசும், முரசு கொட்டுவோரின் கூவலும் மாறவில்லை. நடையும் நிற்கும் நிலையும் மாறவில்லை. மொழி ஒன்றே மாறியது.

இதற்குப் பயிற்சி பெற்றவர் தேவை. 1995 முதல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து புளூம்ஸ்பர்க் ஊரில் கோடைதோறும் மூன்று வாரப் பயிற்சி முகாம்கள் நடைபெற்றன. முழந்தாள் மடித்து அமர்தல், குதிகால் எழாமல் தரையோடு வழுக்கி நடத்தல், விசிறியைப் பிடித்தல், ஆசிரியர் பாட அப்படியே திருப்பிப் பாடுதல் என்று அனைத்தும் குருமுகமாகவே கற்பிக்கப்பட்டன. அங்கும் தோக்கியோவிலும் பயின்றவர்கள் சிலர் எம்மர்ட்டோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் 'தியேட்டர் நோகாகு' என்னும் குழுவை அமைத்தனர். ஆங்கிலத்தில் நோ ஆடுவதையே நோக்கமாகக் கொண்ட குழு அது. ஃபெனலோசா கற்றுக்கொண்டு, தம்மோடு எடுத்துச் சென்றுவிட்ட குரல், ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து ஆங்கிலத்தில் எழுந்தது எனலாம்.

புதிய மண்ணின் ஆவிகள்

கருவி கைக்கு வந்தபின், எதைப் பாடுவது என்ற வினா எழுந்தது. பழைய நாடகங்களின் மொழிபெயர்ப்பும் பாடப்பட்டது. புதிய நாடகங்களும் பிறந்தன. ஆஸ்திரேலிய இசையறிஞர் ஆலன் மாரெட், 1836இல் குயின்ஸ்லாந்து கடற்பகுதியில் கப்பலுடைந்து கரையேறிய எலைசா ஃபிரேசரைப் பற்றி 'எலைசா' என்னும் நாடகத்தை 1989இல் தந்தார். எல்விஸ் பிரெஸ்லியின் ஆவியையும் அவர் இல்லத்துக்கு வந்து நிற்கும் ரசிகையையும் வைத்து டெபரா பிரெவூர்ட் எழுதிய நாடகமும் உண்டு. கேட்கும்போது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் இறந்த ஒருவரின் இடத்துக்குப் பயணம் வந்து அவர் துயரைக் கேட்டு நிற்பதே நோவின் பழங்கதையமைப்பு என்பதை எண்ணினால் வேடிக்கை அகலும்.

இவற்றுள் என் மனத்தைப் பெரிதும் தொட்டது 'த கல்' (கடற்காகம்) என்பது. கனடாக் கவிஞர் டாஃப்னி மார்லட் எழுதி, எம்மர்ட் இசையமைத்து, 2006இல் கனடாவின் ரிச்மண்டு நகரில் அரங்கேறியது. அந்நகரின் ஒரு பகுதியான ஸ்டீவ்ஸ்டன், ஜப்பானிய மீனவர் குடியேறி வாழ்ந்த துறை. அவர்களுள் பலர் வகயாமா மாவட்டத்தின் மியோ என்னும் கடலோர ஊரிலிருந்து வந்தவர்கள். போர்க்காலத்தில், 1942இல், கனடா அரசு மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் 20,000க்கும் மேற்பட்டோரை உள்நாட்டுக்கு அப்புறப்படுத்தியது. அவர்களின் மீன்பிடி படகுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பறிமுதல் ஆயின. 1949இல்தான் கடற்கரைக்குத் திரும்ப முழு உரிமை கிடைத்தது.

நாடகத்தில் இவ்வாறு திரும்பிவந்த மீனவ உடன்பிறப்பினர் இருவர் புயலுக்கு ஒதுங்கிய துறையில் ஒரு கடற்காகப் பெண்ணைக் காண்கின்றனர். அவள் அவர்களின் இறந்த தாய். புகைப்படம் பார்த்து மணம் பேசப்பட்டு மியோவிலிருந்து வந்தவள். ஊருக்குத் திரும்பிவிடுமாறு மக்களை அழைக்கிறாள். மக்களுக்கோ பிறந்த மண் கனடா. தாய்க்கு ஊர் ஒன்று. பிள்ளைக்கு ஊர் வேறொன்று. ஆங்கிலமும் ஜப்பானியமும் கலந்து நிகழும் இந்நாடகத்தில் தாயாக ஆடியவர் கிதா மரபின் மட்சுய் அகிரா. அவரும் வகயாமாவைச் சேர்ந்தவரே. எந்த மாவட்டத்துப் பெண்ணின் ஆவி கடலுக்கப்பால் அலைவதாகக் கதை சொல்கிறதோ, அந்த மாவட்டத்துக் கலைஞரே அவளுக்கு உடல் கொடுத்தார். பார்வையாளர் கூட்டம் பிறருடைய பழங்கலையை வியந்து நிற்கவில்லை. தங்கள் ஊரில் நடந்ததையே அதில் கண்டது.

2015இல், ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த எழுபதாம் ஆண்டில், மாரெட்டின் 'ஓப்பன்ஹைமர்' சிட்னியில் ஆடப்பட்டது. அணுகுண்டை ஆக்கிய அறிஞரின் ஆவி ஹிரோஷிமாவில் அலைந்து விடுதலை நாடுகிறது.  கொன்றவனும் கொல்லப்பட்டவனும் எதிரெதிர் நின்ற அட்சுமோரியை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. குண்டை ஆக்கியவனின் துயர் குண்டு விழுந்த நாட்டுக் கலைவடிவில் ஆடப்பட்டது. இதனை உரைநடை நாடகம் ஒன்று சொல்லியிருந்தால் வாதமாக முடிந்திருக்கும். நோவில் அது வேண்டுதலாக முடிகிறது.

தடைகளும் விடைகளும்

ஆங்கில நோவுக்கு எழும் தடைகளையும் கருத வேண்டும். முதல் தடை, மூலமொழியின் அணிநலம் அழியும் என்பது. உண்மையே. நோ உரை சிலேடையாலும் பழம்பாடல் குறிப்பாலும் நெய்யப்பட்டது. 'மட்சுகசே' நாடகத்தில் 'மட்சு' என்ற சொல் பைன் மரத்தையும் காத்திருத்தலையும் ஒருங்கே குறிக்கும். சுமாக் கடற்கரையில், பிரிந்த காதலனுக்காக ஏங்கும் உப்புக்காய்ச்சும் பெண்ணின் கதைக்கு அச்சொல்லே ஆணிவேர். தமிழில் அதைத் தர வழியில்லை. ஆங்கிலத்திலோ 'பைன்' என்ற சொல் மரத்தையும் ஏக்கத்தையும் குறிப்பதாய்த் தற்செயலாக அமைந்துவிட்டது. இத்தகைய நல்வாய்ப்பு எல்லா இடத்தும் வாயாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் தடை, புரியாமையே நோவின் அழகு என்பது. இதற்கு ஜப்பானியரே விடை கூறிவிட்டனர். பதினைந்தாம் நூற்றாண்டு மொழி இன்றைய ஜப்பானியர்க்கும் எளிதில் விளங்குவதில்லை. ஆர்வலர் பலர் பாடற்சுவடியை மடியில் வைத்துக்கொண்டே நாடகம் பார்ப்பர். 1983இல் தொடங்கப்பெற்ற தோக்கியோ தேசிய நோ அரங்கில் 2006இல் இருக்கைதோறும் சிறு திரை பொருத்தப்பட்டு ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் உரை காட்டப்பட்டது. ஆக, மொழிச்சுவர் அயலாருக்கு மட்டும் உரியதன்று.

மூன்றாம் தடை, ஒரு நாட்டின் கலை பிறர் கைப்பட்டால் தூய்மை கெடும் என்பது. இதற்கு நோவின் வரலாறே மறுமொழி. 'இக்ககு சென்னின்' என்றொரு நோ நாடகம் உண்டு. இயற்றியவர் கொம்பாரு சென்போ. தலையில் ஒற்றைக் கொம்புடைய முனிவர் ஒருவர் மழைக்குரிய நாகதேவர்களைக் குகையில் அடைத்துவிட, நாடு வறள்கிறது. அரசன் அழகிய பெண்ணொருத்தியை அனுப்புகிறான். முனிவர் மயங்க, நாகர் விடுபட, மழை பொழிகிறது. கதை நடப்பது காசி நாட்டில். இம்முனிவர் யார்? கம்பன் பாலகாண்டத்தில் பாடிய கலைக்கோட்டு முனிவரே அவர், வடமொழியில் ரிஷ்யசிருங்கர். இந்தியக் கதை பௌத்த நூல்கள் வழியாகச் சீனம் சென்று, அங்கிருந்து ஜப்பானை அடைந்து, நோ முகமூடி அணிந்தது. அன்று அதை எடுத்துக்கொண்டவர்கள் காசியைக் கண்டவர்கள் அல்லர். ஆயினும் அது கலப்படமாகவில்லை, நோவாயிற்று. வாங்கிச் செழித்த கலை கொடுப்பதால் குறையும் என்பது பொருந்தாது.

ஆனால் ஒரு வரையறை வேண்டும். வாங்குவோர் எதை வாங்குகிறார்கள் என்பதே அது. பவுண்டும் வேலியும் சொல்லை வாங்கினர். யேட்ஸ் வடிவத்தை வாங்கினார். பிரிட்டன் கதையையும் அமைதியையும் வாங்கினார். இவர்கள் யாவரும் பெரியோர். எனினும் நோ என்னும் கலை ஆங்கிலத்தில் பிறந்தது, பிறர் முன் முழந்தாள் மடித்து அமர்ந்து, தொடக்கப்பள்ளிப் பிள்ளைபோல் திருப்பிச் சொல்லிக் கற்ற, புகழ் குறைந்த சிலரால்தான். 2001இல் யுனெஸ்கோ நோகாகுவை மனிதகுலத்தின் அரிய மரபுச் செல்வமாக அறிவித்தது. அறிவிப்பு மதிப்பைத் தரும். மரபை நீட்டிப்பது மாணவரே.

நிறைவுரை

நானும் ஒரு மொழியாசிரியை. நம் செவ்விலக்கியங்கள் பிறமொழிகளில் பெயர்க்கப்படும்போது மகிழ்கிறோம், விழா எடுக்கிறோம். அப்பெயர்ப்புகளில் எது போகிறது, எது நின்றுவிடுகிறது என்று கேட்பதில்லை. அயலாரை ஏன் சொல்ல வேண்டும்? பண் அறியாமல் தேவாரத்தை உரைநடைபோல் படித்துப் பொருள் சொல்லித் தேர்வு வைக்கும் நான், என் மாணவர்க்கு ஏட்டைத்தான் கொடுத்திருக்கிறேன். ஃபெனலோசாவின் மனைவி பவுண்டுக்குக் கொடுத்ததும் அதுவே.

இப்போது நோ பாடம் வரும் நாளில் முதலில் நூலைத் திறப்பதில்லை. ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அமர்ந்துவிடுகிறேன். மாணவர் முதலில் சிரிப்பார்கள். முரசு கொட்டுவோரின் கூவலைத் தமக்குள் செய்து பார்ப்பார்கள். சற்று நேரத்தில் சிரிப்பு அடங்கும். அதன்பின் வேலியின் நூலைத் திறந்தால் அவர்கள் படிக்கும் விதமே வேறாக இருக்கிறது.

அன்று வினவிய மாணவி படிப்பை முடித்துச் சென்று பல ஆண்டுகள் ஆயின. "எப்படிப் பாடுவார்கள்?" என்ற அவளுடைய வினாவுக்கு நான் விடை சொல்லவே இல்லை. இக்கட்டுரையை அவள் காண நேர்ந்தால், காலம் தாழ்ந்த விடையாக ஏற்றுக்கொள்வாளாக. வினாக்களுக்கு இடம் தரும் அவையாக நம் வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் நிலைபெறட்டும்.